ஊர்க் கல்லில் யார் பெயர்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே பார்த்தால் நீலமாகத் தெரிகிற மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் வருசநாடு. வைகை பிறக்கிற பள்ளத்தாக்கு. தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த அந்த வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்று ஒரு சிற்றூர் உண்டு. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஒரு கல்லில் கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில், உயிர்விட்ட அந்தவன் என்பவனின் பெயர் இருக்கிறது. ஏறத்தாழ 2,200 ஆண்டுக்கு முந்திய எழுத்து. அவன் எந்த அரசனுக்குச் சண்டை போட்டான் என்று அந்தக் கல் சொல்லவில்லை. அவன் பெயரையும் இறந்த இடத்தையும் சொல்கிறது.

அதே ஆண்டிபட்டி வட்டத்தில் குமணன்தொழு என்ற ஊர். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் முகாம்மேல் பனிப்பாறை சரிந்து 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். லான்ஸ் ஹவில்தார் குமார் குமணன்தொழுக்காரர். ஒரே வட்டத்துக்கு, 2,200 ஆண்டு இடைவெளியில், இரண்டு சாவுகள். இரண்டுக்கும் பெயர் இருக்கிறது. இடையில் இந்த மலையின் இரு பக்கமும் இருந்து சண்டைக்குப் போய்த் திரும்பாத எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது என்ற கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கேள்வி பழங்காலத்தைப் பற்றியது மட்டும் அல்ல. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பொழுது விடியுமுன் மைதானங்களில் பையன்கள் ஓடிப் பழகுகிறார்கள். 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் ராணுவ ஆள்சேர்ப்பில் முழு மதிப்பெண். மில் வேலை குறைந்து, மழை ஏமாற்றி, தறி நின்றுபோன வீடுகளில் பட்டாளம் ஒரு பெரிய நம்பிக்கை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பகலும் இரவும் பேண்டேஜ் துணி நெய்கின்றன. காயத்துக்குக் கட்டும் துணியை நெய்கிற பூமி, காயம்பட்டு விழுந்தவனின் பெயரை எங்கே எழுதி வைக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி.

தமிழுக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லுக்கு ஆறு படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. நல்ல கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுக்க நாள் குறிப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. ஆறில் ஒரு படிகூட ஒற்றை ஆள் செய்யக்கூடியது அல்ல. கல் சுமக்க ஆள் வேண்டும், நீராட்டப் பெண்கள் வேண்டும், படைக்கச் சோறு வேண்டும். ஊர் கூடினால்தான் நடுகல். இன்று திறப்புவிழாவுக்கு வரும் பிரமுகரின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, இறந்தவன் பெயரைச் சிறிய எழுத்தில் போடுகிற பழக்கம் அந்த மரபுக்கு முற்றிலும் வேறானது.

பல்லவர் காலத்து நடுகற்கள் செங்கம், தருமபுரிப் பக்கம் நிறைய. அரசனின் ஆட்சியாண்டு, ஊர், யாருடைய சேவகன், எந்தப் பூசலில் விழுந்தான் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல் இருக்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல் சொல்கிறது. வேட்டை நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள். 1,400 ஆண்டுக்கு முன் ஒரு நாயின் பெயர்கூட கல்லில் ஏறியிருக்கிறது.

இன்னொன்றையும் அந்தக் காலம் செய்தது. போரிலோ பூசலிலோ இறந்தவனுடைய குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அதற்குக் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி என்று பெயர். இரத்தம் சிந்தியதற்கான நிலம். கல்லில் பெயர், வீட்டுக்குக் கஞ்சி. இந்த இரண்டும் சேர்ந்திருந்தன என்பதை மறக்கக் கூடாது. குடும்பத்தைக் கவனிக்காமல் கல் மட்டும் நட்டால் அது மரியாதை ஆகாது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ராஜபாளையத்திலிருந்து தென்காசி பஸ்ஸில் ஏறினால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று வரிசையாக வரும் ஊர்கள் எல்லாம் பாளையங்களும் கோட்டைகளும் இருந்த இடங்கள். நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டைகளில் வாசுதேவநல்லூர் முக்கியமானது. 1759-ல் கம்பெனிப் படைத்தலைவர் யூசுப் கான் அதைப் பிடிக்க முயன்று தோற்றுத் திரும்பினார். 1761-ல் அது விழுந்தது. பிறகு மறுபடி பாளையக்காரர் கைக்கு வந்து, 1767-ல் கர்னல் டொனால்டு கேம்பல் வந்து முற்றுகை போட்டார். பீரங்கிக் குண்டு மண்சுவரை உடைக்க உடைக்க, உள்ளே இருந்தவர்கள் வைக்கோலையும் பனையோலையும் கொண்டுவந்து உடைப்பை அடைத்துக்கொண்டே நின்றார்கள் என்று அவரே வியந்து எழுதினார். குண்டு விழுகிற இடத்துக்கு ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் யார்? தலைவர்களில் பூலித்தேவர் பெயர் நிற்கிறது. ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி பெயர்களை அவரவர் மக்கள் வாய்வழியாகக் காப்பாற்றினார்கள். பாளையங்கோட்டையில் ஒண்டிவீரனுக்கு மணிமண்டபம் வந்தது நம் காலத்தில்தான். ஓலைக்கட்டுத் தூக்கியவர்களின் பெயர் எதுவும் இல்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போக வேண்டும். கட்டபொம்மன் கோட்டை இருந்த இடத்துக்குப் பக்கத்தில், அந்தச் சண்டைகளில் இறந்த ஆங்கிலேயர்களின் கல்லறைகள் இருக்கின்றன. ஊமைத்துரையோடு நின்று 1801-ல் மாண்டவர்களின் எண்ணிக்கை அவர்களைவிடப் பல மடங்கு. அவர்களுக்குத் தனித்தனிக் கல் இல்லை. இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. தன் ஆளின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று அந்தப் படைக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதை நாம் நம்முடைய ஆட்களுக்கும் செய்திருக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் கறுத்த தோல் என்று வந்ததும் மாறியது என்பதற்கு முதல் உலகப் போர் சாட்சி. போர் முடிந்த பிறகு இந்தியா முழுவதும் ஊர் ஊராக ஒரே அச்சில் சலவைக்கல் பலகைகளைப் பதித்தார்கள். திருச்சி காந்தி மார்க்கெட் முதல் பஞ்சாபின் சிற்றூர்கள் வரை வாசகம் ஒன்றுதான்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 மாபோருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். போனவர் தொகை ஒரு எண். இறந்தவர் தொகை ஒரு எண். அவ்வளவுதான். ஒரு பெயரும் இருக்காது. அந்தப் பலகையின் முன் நிற்கிற பேரனுக்கு, அந்த எண்ணுக்குள் தன் தாத்தா இருக்கிறாரா என்று தெரியாது.

அதே நேரம் பிரான்சில் நடந்ததைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அங்கே முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உள்ளாட்சி ஊர்கள். முதல் போருக்குப் பிறகு மிகச் சில தவிர எல்லா ஊரிலும் ஒரு நினைவுத்தூண் எழும்பியது. முந்நூறு பேர் வாழும் குக்கிராமத்திலும் தேவாலய வாசலிலோ பள்ளிக்கூட வாசலிலோ ஒரு கல் நிற்கும். அதில் ஊர்ப்பையன்களின் பெயர்கள் இருக்கும். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்தால் அந்த வீட்டில் அண்ணன் தம்பி மூவரும் போனார்கள் என்று படிக்கிறவருக்குப் புரியும். எண் போட்டிருந்தால் அது புரியாது.

பிரிட்டன் 1917-ல் போர்க் கல்லறைகளுக்கென்று ஓர் ஆணையம் அமைத்தது. பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்பது அதன் கொள்கை. ஐரோப்பாவில் அதை ஓரளவு காப்பாற்றினார்கள். பிரான்சில் நூவ்-ஷாப்பேல் என்ற இடத்தில் 1927-ல் திறந்த இந்திய நினைவகத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஐரோப்பாவுக்கு வெளியே கொள்கை தளர்ந்தது. மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக 1929-ல் திறந்த பாஸ்ரா நினைவகத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் பெயர், இந்திய அதிகாரிகளுக்குப் பெயர், சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட் வாரியாக வெறும் எண்ணிக்கை. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் மண் வெட்டி, பாலம் கட்டி, டைகிரிஸ் கரையில் காலராவிலும் குண்டிலும் செத்த தமிழர்கள் அந்த எண்களுக்குள் இருக்கிறார்கள்.

நூறு ஆண்டு கழித்து, 2021 ஏப்ரலில், அந்த ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை, அந்த எண்ணிக்கை 3,50,000 வரை போகலாம் என்று ஒப்புக்கொண்டது. இந்தியாவின் தரப்பில் முதல் போரில் இறந்தவர்கள் 74,000 பேர் என்று கணக்கு. டெல்லி இந்தியா கேட்டில் 13,000-க்கு மேற்பட்ட பெயர்கள்தான் இருக்கின்றன. நுழைவாயில் எல்லோருக்கும் பொது. பெயர்கள் பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலும் 1919 ஆப்கன் போரிலும் இறந்தவர்களுடையவை. பாஸ்ராவுக்குப் போன தமிழனைத் தேடி டெல்லிக்குப் போனால் ஏமாற்றம்தான்.

இங்கே பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய ஒரு படையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 63-ஆவது பாளம்கோட்டா லைட் இன்ஃபண்ட்ரி 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கடற்கரையில் இறக்கப்பட்டது. எட்டாயிரம் பேர் கொண்ட படை ஆயிரம் பேரளவே இருந்த ஜெர்மன் படையிடம் தோற்றது. பாளையங்கோட்டைச் சிப்பாய்கள் பயந்து கலைந்தார்கள் என்று ஆங்கில வரலாறுகள் இன்றுவரை எழுதுகின்றன. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, கடல்மயக்கத்தில் துவண்டு, கையில் புதிதாகக் கொடுத்த துப்பாக்கியோடு, திட்டமே சரியில்லாத சண்டையில் அவர்கள் இறக்கிவிடப்பட்டார்கள் என்பதையும் அதே வரலாறுகள்தான் சொல்கின்றன. மதராஸிகள் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று வெள்ளைத் தளபதிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே முடிவுகட்டிவிட்டிருந்தார்கள். 1920-களில் மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். இரண்டாம் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1941-ல் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டை மறுபடி எழுப்பினார்கள். படை கலைந்தபோது அதன் நினைவும் கலைந்தது. பஞ்சாபிலும் கார்வாலிலும் ரெஜிமெண்ட் தொடர்ந்து இருந்ததால் அந்த ஊர்களுக்கு முதல் போரின் நினைவு கைமாறி வந்தது. நமக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்துபோயிற்று. தமிழ் ஊர்களில் முதல் உலகப் போர் என்றால் எம்டன் கப்பல் சென்னைமேல் குண்டு போட்டதுதான் நினைவுக்கு வருகிறது. அன்று பாஸ்ராவிலும் டாங்காவிலும் நம் ஆள் இருந்தான் என்பது நினைவுக்கு வருவதில்லை. இதற்கு அந்தக் கலைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சென்னையில் நந்தம்பாக்கம் பக்கம் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். 856 கல்லறைகள். எல்லாக் கல்லும் ஒரே உயரம், ஒரே வடிவம். தளபதிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற பேச்சே இல்லை. உள்ளே ஒரு தனி நினைவுச்சுவர். இந்தியாவின் பல ஊர்களில் புதைக்கப்பட்டு, பராமரிக்க முடியாமல் போன கல்லறைகளுக்குச் சொந்தக்காரர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. புதைத்த இடம் போனாலும் பெயர் போகக் கூடாது என்று ஒருவர் யோசித்திருக்கிறார். அந்த யோசனையைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் புதைத்த இடமே கிடையாது. எரித்து ஆற்றில் கரைத்தார்கள். பெயர் மட்டும்தான் மிச்சம்.

இரண்டாம் உலகப் போரில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 25 லட்சம் இந்தியர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தார்கள், 87,000 பேர் அளவில் மாண்டார்கள். அதே பர்மாக் காடுகளில் எதிர்ப்பக்கத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்தவர்களில் தமிழர் ஏராளம். நம் தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்களின் பிள்ளைகள். 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் அந்த ராணுவத்துக்கு ஒரு நினைவுத்தூணுக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும் செப்டம்பரில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று அங்கே 1995-ல் வைத்த ஓர் அடையாளப் பலகை நிற்கிறது.

நம் ஊரிலிருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்களோடு ஓர் ஊர்க் கல் நடுவதென்றால், இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே கல்லில் எழுதலாமா? எழுதலாம், எழுத வேண்டும் என்பது என் முடிவு. ஊர்க் கல் எந்த அரசின் வெற்றித்தூணும் அல்ல. ஒருவன் சம்பளத்துக்காகச் சேர்ந்தான், ஒருவன் விடுதலைக்காகச் சேர்ந்தான். ஊருக்கு இருவரும் வீடு திரும்பாத பிள்ளைகள். எந்தப் படை, எந்த ஆண்டு, எந்த இடம் என்று பெயருக்குக் கீழே எழுதிவிட்டால் மீதியைப் படிக்கிறவர் புரிந்துகொள்வார்.

ஆயுதமே ஏந்தாமல் போரால் செத்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளிகள் காய்ச்சலிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அந்தப் பாதை போகும் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தமிழ்த் தொழிலாளிகளுக்கு அப்படி ஒன்று இல்லை. 2023-ல்தான் தமிழ்நாடு அரசின் உதவியோடு அங்கே அவர்களுக்காக ஒரு நடுகல் எழுந்தது. நடுகல் என்றே பெயரும் வைத்தார்கள். சரியான பெயர்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த போர்களில் ஒரு பெரிய மாற்றத்தை ஊர்கள் உணர்ந்தன, ஆனால் யாரும் அதிகம் பேசவில்லை. 1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களைப் பொதுவாகப் போர்முனைக்குப் பக்கத்திலேயே தகனம் செய்தார்கள். வீட்டுக்கு வந்தது தந்தி. பிறகு ஒரு டிரங்குப் பெட்டி. பட்டாளத்துக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியை நம் பக்கத்தில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். கறுப்பு வர்ணம், மூடியில் வெள்ளை எழுத்தில் எண்ணும் பதவியும் பெயரும், ரயில்வே சீட்டு ஒட்டிக் கிழித்த தழும்பு. திறந்தால் பாச்சா உருண்டை வாசனை. உள்ளே கம்பளிச் சட்டை, சம்பளப் புத்தகம், ஒரு குழுப் புகைப்படம். உடலைப் பார்க்காத தாய்க்கு அந்தப் பெட்டிதான் உடல். மகன் எங்கோ சிறைப்பட்டிருப்பான், ஒருநாள் வருவான் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்த தாய்மார் எத்தனை பேர்! கல்லில் ஒரு பெயர் இருந்திருந்தால் அவர்களுக்குப் பூ வைக்க ஓர் இடம் இருந்திருக்கும்.

1999 கார்கில் போரில்தான் மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டியில் உடலை விமானத்தில் ஏற்றிச் சொந்த ஊருக்கே கொண்டுவரும் வழக்கம் நிலைத்தது. திருச்சிக்காரரான மேஜர் மாரியப்பன் சரவணன் மே 29-ஆம் தேதி படாலிக் மலையில் வீழ்ந்தார். உடலை மீட்டு வரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவருக்கு வீர சக்ரா விருது கிடைத்தது, திருச்சியில் நினைவுச்சின்னமும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாவும் ஊரறிந்த சாவாகிவிட்டது. 2020 ஜூன் 15-ஆம் தேதி கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த இருபது பேரில் ஹவில்தார் பழனி நமது பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர்க்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் 1985-ல் விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை அதே மாவட்டத்தில்தான் இருந்தன.

உடல் வந்தால் ஊர் திரள்கிறது. அமைச்சர் வருகிறார், துப்பாக்கி முழங்குகிறது, சுவரொட்டி ஒட்டுகிறார்கள். ஆறு மாதத்தில் மழையில் சுவரொட்டி கரைந்துவிடுகிறது. அடுத்த தேர்தலுக்குள் பெயரும் மறந்துபோகிறது. கார்கிலுக்கு முன் இறந்தவர்களுக்கு அந்தச் சுவரொட்டிகூட இல்லை.

யாரைச் சேர்ப்பது என்பதில் இன்னும் இரண்டு இடங்கள் கரடுமுரடானவை. முதலாவது, துணை ராணுவம். 2019 பிப்ரவரி 14-ஆம் தேதி புல்வாமாவில் இறந்த நாற்பது பேரும் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள். கயத்தாறு பக்கம் சவலாப்பேரி சுப்பிரமணியனும் அரியலூர் மாவட்டம் கார்குடி சிவச்சந்திரனும் அதில் உண்டு. டெல்லியில் அதே மாதம் 25-ஆம் தேதி திறந்த தேசியப் போர் நினைவகம் முப்படைகளுக்கானது. திறந்தபோது அதில் 25,942 பெயர்கள். சி.ஆர்.பி.எஃப். காவல் துறையோடு சேர்ந்தது என்பதால் அவர்களுக்கு 2018-ல் திறந்த தேசியக் காவலர் நினைவகம் தனியாக இருக்கிறது. டெல்லியில் அமைச்சகம் வேறு வேறு என்பதால் நினைவகமும் வேறு வேறு. நம் ஊரில் அந்தப் பிரிவினைக்கு வேலை இல்லை. அதே மைதானத்தில் ஓடிப் பழகி, ஒருவன் ராணுவத்தில் தேறினான், பக்கத்து வீட்டுக்காரன் எல்லைப் பாதுகாப்புப் படையில் தேறினான். இருவரும் ஒரே கல்லில்தான் வர வேண்டும்.

இரண்டாவது, இலங்கை. 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் போனவர்களில் ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் இறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. தமிழன் தமிழனோடு சண்டையிட்ட அந்தப் போரைத் தமிழ்நாடு தன்னுடையதாக நினைக்கவில்லை. 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதலமைச்சர் மு.கருணாநிதி வரவேற்புக்குப் போகவில்லை. அவருக்கு அதற்கான நியாயம் இருந்தது. அந்தப் படை வடக்கு கிழக்கில் மக்களுக்குச் செய்த கொடுமைகளை மறைத்துப் பேச என்னால் முடியாது. ஆனாலும் உத்தரவின் பேரில் போய் அங்கே இறந்த ஒரு சிப்பாயின் வீடு நம் தெருவில் இருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற நினைவுச்சுவரைப் போன்ற தொலைதூர இடங்களில்தான் தங்கள் பிள்ளையின் பெயரைப் பார்க்க வேண்டும் என்பது கொடுமை. பெயர் எழுதுவது அந்தப் போரை ஒப்புக்கொள்வதாகாது. ஈழத்தில் மாவீரர் துயிலும் இல்லங்களை இடித்தபோது நமக்கு ஏன் நெஞ்சு பதறியது? எந்தப் பக்கத்துத் தாயானாலும் பிள்ளையின் பெயரை அழிப்பது அநியாயம் என்பதால்தானே. அந்த அளவுகோலை நாம் நம்முடைய தெருவுக்கும் பிடிக்க வேண்டும்.

ஒரு சொல்லைப் பற்றிய சண்டையும் ஓய்ந்தபாடில்லை. தியாகி என்று சொல்லலாமா, வீரமரணம் என்பதா, பனிச்சரிவில் செத்தால் என்ன, வண்டி கவிழ்ந்து செத்தால் என்ன? அரசின் படை விதிகளில் தியாகி என்ற சொல்லுக்கு வரையறையே இல்லை என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். கல்லில் அந்தச் சொல் தேவையில்லை. பெயர், ஊர், படை, இறந்த நாள், இறந்த இடம் போதும். புலிமான்கோம்பைக் கல்லில் அதற்கு மேல் எதுவும் இல்லை, அது 2,200 ஆண்டு நின்றிருக்கிறது.

வரிசை எப்படி? நம் தென்மாவட்டங்களில் இதுதான் மிக முக்கியமான கேள்வி, இதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். இறந்த வீரனின் படத்தைச் சாதிக் கொடியின் நிறத்தில் அச்சடித்து ஒட்டுவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். தெருவுக்கு ஒரு சிலை, சிலைக்கு ஒரு கம்பிக்கூண்டு, கூண்டுக்கு ஒரு போலீஸ். இந்த நிலை ஊர்க் கல்லுக்கு வரக் கூடாது. அமெரிக்காவில் வியட்நாம் போரில் இறந்த ஏறத்தாழ 58,000 பேரின் பெயர்களை 1982-ல் ஒரு கறுப்புக் கல்சுவரில் பொறித்தபோது, மாயா லின் என்ற இளம் மாணவி வகுத்த முறை அது: பதவி வரிசை இல்லை, அகர வரிசை இல்லை, இறந்த நாள் வரிசை. ஒரே நாளில் ஒன்றாக விழுந்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். வருகிறவர்கள் விரலால் பெயரைத் தடவிப் பார்க்கிறார்கள், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துப்போகிறார்கள். நமக்கும் நாள் வரிசையே சரி. நாளுக்குச் சாதி கிடையாது. பெயருக்குப் பின்னால் பட்டம் வேண்டாம். பதவிகூடப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கட்டும்.

எழுத்து தமிழில் இருக்க வேண்டும். ராணுவ ஆவணத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, முத்தையா ஏதோ ஓர் எழுத்துக்கூட்டலில் சிதைந்து, குமாஸ்தா எழுதியதே நிலைத்துவிடும். அந்த எழுத்தை அப்படியே தமிழில் பெயர்த்தால் அம்மா கூப்பிட்ட பெயர் வராது. குடும்பத்தைக் கேட்டு எழுத வேண்டும்.

இடத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டோ ஜவஹர் மைதானமோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடியோ, காய்கறிப் பையோடு போகிறவர் கண்ணில் தினமும் படுகிற இடம். கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள் வைத்துப் பூட்டினால் ஆண்டுக்கு இரண்டு தடவை மலர்வளையம் வரும், மற்ற நாள் பூனை தூங்கும்.

பெயர்களைத் தேடுவது பெரிய வேலைதான், முடியாத வேலை அல்ல. போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களைப் படைப்பிரிவு வாரியாகத் தேடலாம். பலருக்கு அப்பா பெயரும் ஊரும் போட்டிருக்கிறது. 1947-க்குப் பிந்தியவர்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் ஓய்வூதியப் பதிவுகள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875 முதல் இருக்கிற பென்னிங்டன் நூலகம் அந்தத் தேடலுக்கு உட்கார நல்ல இடம். ராஜபாளையத்தின் சாவடிகளில் இன்னும் பெரியவர்கள் கூடி உட்காருகிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய காலம் கடந்துகொண்டிருக்கிறது. 1962-ல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. தன் வீட்டையே ஊருக்குக் கலைமன்றமாகக் கொடுத்த குமாரசாமி ராஜா வாழ்ந்த ஊர் ராஜபாளையம். ஒரு கல்லுக்கு இங்கே பணம் தடையாக இருக்காது.

பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம் என்று சொல்வேன். ஒரு தெருவுக்கு இரண்டு பேர். வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் உண்டா என்று கேட்டு எழுதி வரட்டும். டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியலைத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைகள், அதோடு ஒரு நோட்டையும் கொண்டுபோகலாம்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் மூடியில் வெள்ளை எழுத்து எழுதிய அந்த டிரங்குப் பெட்டி இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை இறக்குங்கள். உள்ளே இருக்கிற சம்பளப் புத்தகத்திலிருந்து எண், பெயர், படை, நாள் நான்கையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.